ஆபீசுக்கு லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? ஹிஞ்சையும் வாரண்டியையும் முதலில் பாருங்கள்

கடைக்குப் போய் ஆபீஸ் வேலைக்கு ஒரு லேப்டாப் வேண்டும் என்று கேட்டால் உடனே வரும் பதில் "ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி" என்பதுதான், அதாவது ப்ராசசர், ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ். அதில் தப்பில்லை. ஆனால் சின்ன ஆபீஸ்களில் மூன்றாம் வருடம் ஒரு லேப்டாப் ஓரங்கட்டப்படுவதற்குக் காரணம் ப்ராசசர் வேகம் போதாதது என்று நான் பார்த்தது ரொம்பக் குறைவு. ஹிஞ்ச் (ஸ்க்ரீனையும் பாடியையும் இணைக்கும் கீல்) உடைந்திருக்கும், ரேம் கூட்ட வழி இருக்காது, பேட்டரி உப்பியிருக்கும், அல்லது சர்வீஸ் சென்டர் பக்கத்து மாவட்டத்தில் இருப்பதால் ஒரு சின்ன ரிப்பேருக்கு மெஷினை அனுப்பிவிட்டு இரண்டு வாரம் காத்திருந்து வெறுத்துப்போய்ப் புதிதாக ஒன்று வாங்கியிருப்பார்கள். எது சீக்கிரம் போகும், போனால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடியுமா என்று பார்த்து வாங்கினால் விலையும் உழைப்பும் தானாகவே ஒரு சமநிலைக்கு வந்துவிடும்.

ஆடிட்டர் ஆபீஸ், ஜிஎஸ்டி கணக்குப் பார்ப்பவர்கள், மொத்த வியாபாரக் கடை, ஜாப் ஒர்க் யூனிட், ஐந்தாறு பேர் வேலை செய்யும் ஏற்றுமதி ஆபீஸ் என்று தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கும் தொழில்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீடியோ எடிட்டிங், த்ரீ டி டிசைன் செய்பவர்களுக்கு வேறு கணக்கு.

முதலில் வேலையைப் பாருங்கள், மெஷினை அப்புறம் பார்க்கலாம்

இப்போது இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு நாள் முழுக்க என்னென்ன திறந்திருக்கிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், இரண்டு மூன்று எக்செல், ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், ஜிஎஸ்டி தளம், வங்கித் தளம், நடுவில் ஒரு வீடியோ கால், இதோடு பிரவுசரில் மூடாமல் விட்ட இருபது டேப். இவை எல்லாம் சேர்ந்து தின்பது ரேமை. விண்டோஸ் 11 சும்மா திறந்திருந்தாலே மூன்று நான்கு ஜிபி போய்விடும், அதன் மேல் பிரவுசர் உட்கார்ந்தால் 8 ஜிபி மெஷின் மூச்சுத்திணறும். அதனால் பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஐ5-ம் 8 ஜிபியும் எடுப்பதைவிட ஒரு நல்ல ஐ3-ம் 16 ஜிபியும் எடுங்கள், மேலே சொன்ன வேலைகளுக்கு அதுதான் சுறுசுறுப்பாக இருக்கும். எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். டேலி டேட்டாவும் பிடிஎஃப் ஃபைல்களும் பெரிதாக இடம் பிடிப்பதில்லை.

அடுத்து, லேப்டாப்போடு என்னென்ன சொருகுவீர்கள்? டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் (ஆன்லைனில் கையெழுத்துப் போடப் பயன்படும் பென்டிரைவ் போன்ற கருவி) இன்னும் பெரும்பாலும் பழைய அகலமான யூஎஸ்பி முனையோடுதான் வருகிறது. மெல்லிசான, அழகான மாடல்களில் சி டைப் போர்ட் மட்டும் வைத்து விற்கிறார்கள். ரிட்டர்ன் போடும் கடைசி நாளில் ஒரு அடாப்டரைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், சாதாரண யூஎஸ்பி போர்ட் குறைந்தது இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். வெளி மானிட்டர் மாட்ட ஹெச்டிஎம்ஐ, முடிந்தால் நெட் கேபிளுக்கு லேன் போர்ட்டும் இருக்கட்டும். டேலியில் நாள் முழுக்க வவுச்சர் போடுபவர் என்றால் வலது பக்கம் நம்பர் கீ உள்ள 15.6 இஞ்ச் மாடல்தான் சரி. வெளியே எடுத்துக்கொண்டு அலைபவர் என்றால் 14 இஞ்ச் எடுத்துக்கொண்டு, ஆபீஸ் மேஜையில் யூஎஸ்பி நம்பர் பேட் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஆப்பிளின் மேக்புக் ஏர் பேட்டரி பிரமாதமாக நிற்கும், பாடியும் உறுதி, மறுக்கவில்லை. ஆனால் டேலிபிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது, மேக்கில் நேரடியாக ஓடாது. தினமும் டேலியில் இருக்கும் ஆபீசுக்கு மேக் வாங்கி, அதற்குள் விண்டோஸை நுழைக்க வழி தேடுவது வீண் அலைச்சல். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சாதாரண சாஃப்ட்வேர் பலவும் அதில் ஓடிவிடும், ஆனால் இன்டெல், ஏஎம்டி மெஷின்களுக்கென்று எழுதிய டிரைவர்கள் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் சாஃப்ட்வேர்) ஓடாது. ஏழெட்டு வருடப் பழைய பிரிண்டர், பார்கோடு மெஷின், சிக்னேச்சர் டோக்கன் ஆகியவற்றுக்கு அந்தச் சிப்புக்கான டிரைவர் வந்திருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்யாமல் அதில் பணம் போட வேண்டாம்.

விலையை வருடக் கணக்கில் போடுங்கள்

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 45,000 ரூபாய்க்கு வாங்கிய மெஷின் 3 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 15,000. 65,000 ரூபாய் மெஷின் 5 வருடம் உழைத்தால் வருடத்துக்கு 13,000. இரண்டாவதுதான் மலிவு, அதோடு நடுவில் ஒரு தடவை டேட்டாவை மாற்றி, சாஃப்ட்வேரை ஏற்றி, ஊழியருக்குப் பழக்கி விடும் இரண்டு நாள் வேலையும் மிச்சம். ஆனால் இந்தக் கணக்கு நிற்பதற்கு அந்த 65,000 ரூபாய் மெஷின் உண்மையிலேயே ஐந்து வருடம் தாங்க வேண்டும், விலை அதிகம் என்பதற்காக மட்டும் அது தாங்கிவிடாது. அதே பணத்துக்குப் பளபளப்பான மெல்லிய மாடலும் கிடைக்கும், உழைக்கும் மாடலும் கிடைக்கும். பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கீழே வருகிறேன்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். லேப்டாப்புக்கு வரி 18 சதவீதம். 59,000 ரூபாய் பில் என்றால் அதில் பொருளின் விலை 50,000, வரி 9,000. உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் தொழிலின் பெயரும் பில்லில் இருந்தால், தொழிலுக்குப் பயன்படுத்தும் மெஷினுக்கு அந்த 9,000 ரூபாயை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையின் மேல் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் சிறு தொழில்களுக்கான திட்டம்) இருப்பவர்களுக்கு இது கிடையாது. பில் போட்ட பிறகு எண்ணைச் சேர்க்கச் சொன்னால் பெரும்பாலான கடைக்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள், ஆன்லைனில் வாங்கினால் ஆர்டர் போடும்போதே எண்ணைக் கொடுத்துவிடுங்கள், விற்பவர் ஜிஎஸ்டி பில் தருகிறாரா என்பதையும் அங்கேயே பாருங்கள். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான் கிடைக்கும். இன்புட் கிரெடிட் எடுத்த 9,000 ரூபாய்க்குத் தேய்மானமும் சேர்த்துக் காட்டக் கூடாது, இதை உங்கள் ஆடிட்டரே பார்த்துக்கொள்வார்.

விலையை ஒப்பிடும்போது இன்னொன்று. டீலர்கள் பல பேர் "பிளஸ் ஜிஎஸ்டி" என்று விலை சொல்வார்கள், ஆன்லைனில் காட்டுவது வரி சேர்த்த விலை. இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவராமல் எது மலிவு என்று முடிவு செய்யாதீர்கள்.

ப்ராசசர் பெயரில் ஏமாறாமல் இருக்க

நீளமாகப் பேச வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் இரண்டு பொறிகள் உண்டு. ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் முதல் இலக்கம் வெளிவந்த வருடத்தைத்தான் குறிக்கிறது, உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு புதிது என்பதை மூன்றாவது இலக்கம்தான் சொல்லும். ரைசன் 5 7520யூ என்று பார்த்தால் புத்தம்புதியது போலத் தெரியும், மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கே கோர் (ப்ராசசருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்). ரைசன் 5 7530யூ என்றால் ஜென் 3, ஆறு கோர். ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் இரண்டும் வேறு வேறு தரம். அதோடு 7520யூ போட்ட மெஷின்களில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும், பிறகு கூட்டவே முடியாது.

இன்டெலில் எண்ணுக்கு முன்னால் "என்" என்ற எழுத்து வரும் சிப்கள், என்100, ஐ3-என்305 போன்றவை, சின்ன கோர்களால் மட்டுமே ஆனவை. பில் போடும் கவுண்டருக்கு, ரிசப்ஷனுக்குப் போதும், முழுநேரக் கணக்கு வேலைக்கு வேண்டாம். முடிவில் "யூ" வரும் சிப்கள் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை, ஆபீசுக்கு அதுதான் பொருத்தம். "எச்" வருபவை சூடும் சத்தமும் அதிகம். செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிச் சிப், கோபைலட் பிளஸ் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், இவற்றுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. டேலியும் எக்செல்லும் அதைத் தொடப்போவதில்லை.

உறுதி என்றால் என்ன

பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றும் வீட்டுக்கு ஒரு வரிசை, தொழிலுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக வைத்திருக்கின்றன. லெனோவாவில் ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் தொழிலுக்கு. திங்க்பேட் 1992-ல் ஐபிஎம் கொண்டுவந்தது, 2005-ல் லெனோவா கைக்கு வந்தது. ஹெச்பியில் பெவிலியன் வீட்டுக்கு (புதிய மாடல்களில் ஆம்னிபுக் என்ற பெயர்), ப்ரோபுக்கும் எலைட்புக்கும் தொழிலுக்கு. டெல்லில் இன்ஸ்பிரான் வீட்டுக்கு, லாட்டிட்யூட் தொழிலுக்கு என்று இருந்தன, 2025-லிருந்து லாட்டிட்யூட் இடத்தில் டெல் ப்ரோ என்ற பெயர் வருகிறது. அசூஸில் எக்ஸ்பர்ட்புக், ஏசரில் டிராவல்மேட். தொழில் வரிசையிலும் அடிமட்டம், மேல்மட்டம் உண்டு. திங்க்பேட் என்று பெயர் இருந்தாலும் ஈ வரிசை விலை குறைவானது, டி வரிசை அளவுக்கு உறுதி இருக்காது, ஆனால் அதே விலையில் கிடைக்கும் வீட்டு மாடலைவிட எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். உதிரிப் பாகம் கிடைப்பதும், பிரித்து மாட்டும் சர்வீஸ் கையேட்டைக் கம்பெனியே இணையத்தில் போட்டிருப்பதும்தான் காரணம். வாங்கும் முன்னால் மாடல் பெயரோடு அந்தக் கையேட்டைத் தேடித் திறந்து, ரேம் ஸ்லாட் எத்தனை, பேட்டரி ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றும்படி இருக்கிறதா, கீபோர்டு தனியாக வருமா என்று பார்த்துவிடுங்கள். கடைக்காரருக்கே தெரியாத பதில் எல்லாம் அதில் படத்தோடு இருக்கும்.

கீபோர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வீட்டு மாடல்களில் கீபோர்டைப் பாடியின் மேல் பாகத்தோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒரு கீ போனாலும் மேல் பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும், அல்லது உள்ளூர்க் கடைக்காரர் அந்த ஒட்டுகளைப் பிய்த்துப் புதிய கீபோர்டை ஏதோ ஒரு விதத்தில் ஒட்டித் தருவார். நாள் முழுக்கத் தட்டும் ஆபீசில் முதலில் தேய்வது கீபோர்டுதான். டீ டம்ளர் இல்லாத மேஜை எந்த ஆபீசில் இருக்கிறது? தண்ணீர் சிந்தினால் தாங்கும் என்று குறிப்பிட்ட மாடலை எடுங்கள், ஆனால் அது ஆஃப் செய்து துடைக்க உங்களுக்குக் கிடைக்கும் கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான்.

இப்போது ஹிஞ்ச். சர்வீஸ் கடைகளில் போய் உட்கார்ந்து பார்த்தால் மேஜையில் வரிசையாகக் கிடப்பவை இவைதான். விலை குறைந்த மாடல்களில் ஹிஞ்சின் ஸ்க்ரூ பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த சின்னச் சின்னப் பித்தளை நட்டுகளில். ஒரு மூலையைப் பிடித்துத் தினமும் திறந்து மூடினால் அந்தப் பக்கத்து நட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும், ஒரு நாள் மூடி திறக்கும்போது டப்பென்று பாடி பிளந்து ஸ்க்ரீன் ஓரமும் விரிசல் விடும். கடையில் மெஷினைக் கையில் எடுத்து இதைச் சோதிக்கலாம். மேல் விளிம்பின் நடுவில் ஒரு விரலால் திறந்து பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே சீராக வர வேண்டும். மூடும்போது ஓரத்தில் எங்கேயும் இடைவெளி விடக் கூடாது. கீபோர்டின் நடுவில் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா, ஒரு மூலையைப் பிடித்து ஒற்றைக் கையால் தூக்கினால் பாடி கிரீச்சென்று முனகுகிறதா என்று பாருங்கள். ஸ்க்ரீன் முழுக்கப் பின்னால் சாய்ந்து மேஜையில் தட்டையாகப் படுக்கும் மாடல் என்றால் நல்லது, யாராவது தெரியாமல் பின்னால் தள்ளினாலும் உடையாது. டெமோ மெஷின் இல்லாத கடையில் அட்டைப் பெட்டியைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

"மிலிட்டரி கிரேடு" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மில்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைகளின் தொகுப்பு, 2019-ல் வந்த பதிப்பு. அதில் வெப்பம், குளிர், தூசி, அதிர்வு, கீழே விழுதல் என்று இருபதுக்கு மேல் முறைகள் உண்டு. எந்தெந்தச் சோதனை, எவ்வளவு கடுமையாக என்பதை லேப்டாப் கம்பெனியே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். சான்றிதழ் கொடுக்கும் தனி அமைப்பு எதுவும் அதற்குக் கிடையாது, கீழே விழுந்து உடைந்தால் வாரண்டியும் வராது. சோதனைகளின் பெயரைத் தெளிவாகப் பட்டியல் போட்டிருக்கும் கம்பெனியை மதியுங்கள், ஸ்டிக்கரை மட்டும் ஒட்டியிருந்தால் அதற்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

நம் ஊர் நிலைமைக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன, எந்த ரிவ்யூவிலும் வராது. திருப்பூர், கரூர், ஈரோடு பக்கம் துணி யூனிட்டுக்குள் இருக்கும் ஆபீஸ் என்றால் பஞ்சுத் தூசிதான் முதல் எதிரி. ஃபேனுக்குப் பின்னால் இருக்கும் உலோகத் தகடுகளில் அது கம்பளி மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும், மெஷின் சூடாகி வேகம் குறையும், ஊழியர்கள் "சிஸ்டம் ஸ்லோ" என்பார்கள், நீங்கள் புது லேப்டாப் தேட ஆரம்பிப்பீர்கள். அடிமூடியைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் கழற்றிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்யக்கூடிய மாடலை எடுத்து, வருடத்துக்கு ஒருமுறை, பஞ்சு அதிகம் என்றால் இரண்டு முறை சுத்தம் செய்தாலே ஆயுள் கூடிவிடும்.

இன்னொன்று எர்த். உலோக பாடி உள்ள லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுக்கொண்டே தொட்டால் சுருசுருவென்று லேசாக ஷாக் அடிப்பது போல இருக்கிறதா? மெஷின் பழுது என்று பயந்து திருப்பிக் கொடுக்கப் போகும் முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயிண்டில் எர்த் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் கன்வெர்டரில் மாட்டினாலும் இதுதான் நடக்கும். அப்புறம் கரண்ட் கட். லேப்டாப்பில் பேட்டரி இருப்பதால் அதற்கு யூபிஎஸ் தேவையில்லை, ஆனால் வைஃபை மோடம் அணைந்துவிடும். மோடத்துக்கென்று விற்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் ரிட்டர்ன் பாதியில் நிற்காது.

சார்ஜர் சி டைப்பாக இருப்பது பெரிய வசதி. மெல்லிய உருளைப் பின் வளைந்து உடைவது வழக்கமான ரிப்பேர், அதோடு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. 65 வாட் சி டைப் என்றால் ஆபீசில் ஒரு உபரிச் சார்ஜர் வைத்தால் எல்லா மெஷினுக்கும் உதவும். மூன்று நான்கு லேப்டாப் வாங்குவதாக இருந்தால் ஒரே மாடலாக எடுங்கள். விலை பேசவும் வசதி, ஒன்றில் கோளாறு என்றால் இன்னொன்றின் சார்ஜரையோ ரேமையோ மாற்றிப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பேட்டரி: ஆபீஸ் லேப்டாப் பெரும்பாலும் காலை முதல் இரவு வரை சார்ஜரிலேயே கிடக்கும், அதனால்தான் சீக்கிரம் உப்புகிறது. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைக்கும் வசதி தொழில் வரிசைகளில் பெரும்பாலும் இருக்கிறது, கம்பெனியின் சாஃப்ட்வேரிலோ பயாஸிலோ (விண்டோஸ் தொடங்கும் முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் போட்டுவிடுங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது என்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்கலாம், அதற்கு மேல் ஒரு நாளும் ஓட்டாமல் உடனே கழற்றி மாற்றுங்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

ஸ்க்ரீனின் ரெசல்யூஷன் (புள்ளிகளின் எண்ணிக்கை) 1366க்கு 768 என்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், எக்செல்லில் பல நெடுவரிசைகள் தெரியாது. 1920க்கு 1080 குறைந்தபட்சம், 1920க்கு 1200 கிடைத்தால் கீழே இன்னும் சில வரிகள் கூடுதலாகத் தெரியும். பளபளப்பு இல்லாத மேட் ஸ்க்ரீன், பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ், வெளிச்சம் 300 நிட்ஸ் என்று பார்த்து எடுங்கள். ஜன்னல் பக்கம் உட்காருபவர்களுக்கு 250 நிட்ஸ் மங்கலாகத் தெரியும்.

வாரண்டியில்தான் காசு போட வேண்டும்

ப்ராசசரில் ஒரு படி இறங்கி, அந்தப் பணத்தில் வாரண்டியை மூன்று வருட ஆன்சைட்டாக உயர்த்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த மாடல்களில் ஒரு வருடம், அதுவும் நீங்களே சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகும் வாரண்டிதான் வரும். சென்னை, கோவை, மதுரையில் இருந்தால் பரவாயில்லை. ராமநாதபுரத்திலோ தர்மபுரியிலோ இருப்பவருக்கு அது பஸ் செலவும் ஒரு நாள் கூலியும். ஆன்சைட் என்றால் இன்ஜினியர் ஆபீசுக்கே வந்து பாகத்தை மாற்றிவிட்டுப் போவார். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை, அதனால் பணம் கட்டும் முன்னால் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்து உங்கள் பின்கோடைச் சொல்லி ஆன்சைட் உண்டா, எத்தனை நாளில் வருவார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதல் வாரண்டி முடியும் முன்னால் கூடுதல் வாரண்டியைக் கம்பெனியிடமிருந்தே வாங்கலாம். கடைக்காரர் தரும் வேறு ஏதோ நிறுவனத்தின் "பாதுகாப்புத் திட்டம்" என்பது இது இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்று வருட வாரண்டி வாங்கினாலும் பேட்டரிக்குப் பொதுவாக ஒரு வருடம்தான். கீழே விழுந்தது, தண்ணீர் கொட்டியது எல்லாம் சாதாரண வாரண்டியில் வராது, அதற்கென்று தனித் திட்டம் உண்டு. பைக்கில் எடுத்துக்கொண்டு அலையும் சேல்ஸ் ஆட்களுக்கு அதைக் கட்டாயம் போடுங்கள், மேஜையை விட்டு நகராத மெஷினுக்குத் தேவையில்லை. ஆடிட்டர் ஆபீஸ்காரர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: எஸ்எஸ்டி வாரண்டியில் மாற்றும்போது பழையதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விடும், அதில் உங்கள் வாடிக்கையாளர்களின் பான், வங்கி விவரம் எல்லாம் இருக்கும். பழைய டிரைவை நாமே வைத்துக்கொள்ளும் வசதியைத் தொழில் வரிசைகளில் தனியாக வாங்கலாம்.

ரீஃபர்பிஷ்டு வாங்கலாமா

வாங்கலாம், நன்றாகப் பார்த்து. ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லாட்டிட்யூட், எலைட்புக், திங்க்பேட் டி வரிசை மெஷின்கள் சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற நகரங்களிலும் நிறையக் கிடைக்கின்றன. புதிதாக வாங்கினால் கைக்கு எட்டாத உறுதி, பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பில்லிங் கவுண்டருக்கும் புதிதாக ஆரம்பிக்கும் தொழிலுக்கும் இது நல்ல வழி.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை சிப்பும் அதற்கு மேலும்தான் ஆகும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வங்கி, வரி வேலைக்கு வாங்காதீர்கள். வேறு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்பார்கள், அது ஓடும், ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

கடையில் நின்றே செய்ய வேண்டிய முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. விண்டோஸை முழுக்க ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, புதிதாகத் தொடங்கும் திரை வரும்வரை இருங்கள். அங்கே ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி லாகின் கேட்டால் அந்த மெஷின் பழைய முதலாளியின் பட்டியலிலிருந்து இன்னும் நீக்கப்படவில்லை என்று அர்த்தம், தொடாதீர்கள். பயாஸுக்குள்ளும் போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். திங்க்பேட்டில் அந்தப் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் கம்பெனி சொல்லும் வழி மதர்போர்டை மாற்றுவதுதான். பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று பார்த்தால் பேரம் பேச எளிது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ரேம் ஸ்லாட் எத்தனை, எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும்.

பழைய பொருள் விற்பவர்கள் தங்கள் லாபத்தின் மேல் மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறையில் பில் போட்டால் அதில் நீங்கள் இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கிய அன்றைக்கு

பெட்டியைப் பிரித்ததும் அடியில் இருக்கும் சீரியல் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். கடையில் மாதக்கணக்கில் கிடந்த மெஷினுக்கு அது பழைய தேதியாகக் காட்டலாம், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். விண்டோஸ் அசல்தானா என்பதையும் பாருங்கள், விண்டோஸ் இல்லாமல் வரும் மாடலைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துத் திருட்டு விண்டோஸ் ஏற்றித் தருவது இன்னும் நடக்கிறது. ஹோம் பதிப்பு ஓரிரண்டு பேர் ஆபீசுக்குப் போதும். வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக ஆபீஸ் மெஷினுக்குள் வர வேண்டும், எல்லா மெஷினையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த வேண்டும் என்றால் ப்ரோ தேவை. கூடவே வரும் எம்எஸ் ஆபீஸ் "ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021" என்றால் அதன் உரிமம் தொழில் பயன்பாட்டுக்கு இல்லை, லிப்ரே ஆபீஸ் இலவசம், சின்ன வேலைகளுக்கு அதுவே போதும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. புதிய விண்டோஸ் 11 மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு நுழைந்ததும் டிரைவ் பெரும்பாலும் தானாகவே பூட்டுப் போட்டுக்கொள்ளும், அதன் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலைக்குச் சேர்ந்த பையன் தன் சொந்த மெயிலைப் போட்டு மெஷினைத் தொடங்கினால் சாவி அவனிடம் இருக்கும். இரண்டு வருடம் கழித்து இன்ஜினியர் மதர்போர்டை மாற்றிவிட்டு ஆன் செய்ததும் நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்கும், அப்போது அவன் வேறு வேலைக்குப் போயிருப்பான். அதனால் முதல் நாளே ஆபீசுக்கென்று ஒரு மெயில் கணக்கை உண்டாக்கி அதில் தொடங்குங்கள். சாவியைப் பிரிண்ட் எடுத்து, சீரியல் எண்ணை அதில் எழுதி, லேப்டாப் பில்லோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள். டேலி டேட்டாவை வாராவாரம் ஒரு வெளி டிஸ்கில் எடுத்து வைக்கும் பொறுப்பை யாராவது ஒருவர் பெயரில் போட்டுவிட்டு, அதற்கப்புறம் மெஷினை வேலைக்குக் கொடுங்கள்.